மாங்கனிக் காட்சியில் ஈக்கு இடமுண்டா?

கிருஷ்ணகிரியில் ஆண்டுதோறும் கோடையின் இறுதியில் நடைபெறும் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சியை நம் மாணவ நண்பர்களுட் பலர் கண்டிருப்பர். காணாதார் ஒருமுறையேனும் சென்று காண்பது நன்று. மல்கோவா, இமாம்பசந்து, செந்தூரா, அல்போன்சா, பங்கனப்பள்ளி, நீலம், காலாப்பாடு, ருமானி, பெங்களூரா என்று பெயர்ச்சீட்டுக்களோடு தட்டுத் தட்டாக அடுக்கப்பெற்ற கனிகளின் மணம் வாயிலிலேயே நம்மை எதிர்கொள்ளும். உள்ளே அரசாங்கத் துறைகளின் அரங்குகள். அவற்றிடையே காய்களாலும் கனிகளாலும் மலர்களாலும் சமைத்த உருவங்கள். கூட்டம் மிகுதியாக நிற்பது அவ்வுருவங்களின் முன்னரேயாம். குழந்தையைத் தோள்மேல் ஏற்றிக் காட்டும் தந்தையரும், அருகே நின்று கைப்பேசியிற் படம் பிடித்துக்கொள்ளும் இளைஞரும், இத்தனை பழமும் பிறகு யாருக்கு என்று கவலுறும் பாட்டிமாருமாக அவ்விடம் எப்போதும் நெருக்கமுற்றிருக்கும்.

அவ்வுருவங்களைப் பற்றியே இங்குச் சில கூற விழைகின்றோம். நாம் சென்ற ஆண்டுகளில் அங்கே பறவை கண்டோம், விலங்கு கண்டோம். ஆனால் மாங்கனியின் பெயரால் எடுக்கும் விழாவில், மாங்கனி உண்டாவதற்குக் காரணமான ஈயின் உருவம் நம் கண்ணிற் பட்டதில்லை. அது வைக்கப்படல் வேண்டும் என்பதே நம் கருத்து. நண்பர்கள் நகைத்தல் கூடும். நம் தாய்மாமனும் நகைத்தார். அவர் நகைத்த காரணம் வேறு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

மாமரம் பூக்கும் தை, மாசித் திங்களில் ஒரு பூங்கொத்தினை அணுகி நோக்குக. ஒரு கொத்தில் சில நூறு முதல் சில ஆயிரம் பூக்கள் வரை இருக்கும். அவற்றுட் பல ஆண்பூக்கள்; சிலவே காய்க்கும் ஆற்றலுடைய இருபாற் பூக்கள். பூவோ மிகச் சிறிது. பெருந்தேனீ புகுந்து திளைக்க அதில் ஆழமில்லை. திறந்த தட்டுப்போல் அதன் தேன் வெளிப்பட நிற்கும். குறுநாவுடைய உயிர்களுக்கு அது சமைத்து வைத்த பந்தி. ஆதலின் அங்கு வருவோருள் ஈயினங்களே முதன்மையானவை. எறும்பும் குளவியும் சிறுவண்டும் தேனீயும் உடன் வரும். பச்சையாய் மின்னும் பிண ஈ, அந்தரத்தில் அசைவின்றி நின்று பறக்கும் மலரீ, நம் வீட்டு அடுக்களையில் நாம் துண்டால் விரட்டும் அதே வீட்டு ஈ ஆகிய இவையெல்லாம் மாம்பூவில் மகரந்தம் சுமக்கும் கூலியாட்கள். தைவான் தீவில் மாவிளைப்போர் சிலர் பூக்காலத்தில் அழுகிய மீனைத் தோப்பில் வைத்து ஈயை வரவழைக்கின்றனர். ஆஸ்திரேலியாவிலும் அழுகிய ஊனை மரத்தில் தொங்கவிட்டுப் பார்த்துள்ளனர். நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு ஒருவன் ஈயை விருந்துக்கு அழைக்கின்றான் எனில் அவன் கணக்கறியாதவன் அல்லன்.

இனி உருவங்களுக்கு வருவோம். கோடை வந்தால் தமிழ்நாட்டில் இத்தகைய காட்சிகளுக்குக் குறைவில்லை. கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் காட்சி. குன்னூர்ச் சிம்ஸ் பூங்காவில் பழக் காட்சி. உதகையில் 1896ஆம் ஆண்டில் தொடங்கிய மலர்க் காட்சி. ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் கோடை விழாக்கள். ஓசூரிலிருந்து ஒரு மணி நேரம் பேருந்தில் சென்றால், ஆகஸ்டு மாதத்தில் பெங்களூர் லால்பாகின் கண்ணாடி மாளிகையையும் காணலாம். 1889இல் அடிக்கல் நாட்டப்பெற்ற அந்த இரும்பு மண்டபத்தில் ஆண்டுக்கு இருமுறை மலர்க் காட்சி நிகழ்கின்றது. இவ்விடங்களிலெல்லாம் பூச்சிகளை அறவே மறந்தார்கள் என்று நாம் குறைகூற மாட்டோம். வண்ணத்துப்பூச்சியும் தேனீயும் அவ்வப்போது இடம் பெறுவதுண்டு. ஆனால் எப்படிப் பெறுகின்றன? ஓரூர்க் காட்சியில் நாம் கண்ட தேனீக்குக் கால்கள் நான்கே. அதற்கு இமைமயிரும் இருந்தது, புன்முறுவலும் இருந்தது. பக்கத்தில் நின்ற சிறுமி ஒருத்தி கால்களை எண்ணிப் பார்த்துவிட்டுத் தன் ஆசிரியையிடம், “ஆறு என்றல்லவா படித்தோம், டீச்சர்?” என்றாள். ஆசிரியை அவள் கையைப் பற்றி அடுத்த உருவத்திற்கு அழைத்துச் சென்றார். அச்சிறுமியின் கேள்விதான் இக்கட்டுரைக்கு வித்து.

இதில் இன்னொரு முரணும் உண்டு. இக்காட்சிகளில் அடுக்கும் கார்னேஷனும் ஜெர்பராவும் பெரும்பாலும் பசுமைக்குடில்களில் விளைபவை. நம் ஓசூர், தளி, பாகலூர்ப் பக்கங்களில் அக்குடில்கள் வெண்கூடாரங்கள்போல் வரிசை வரிசையாக நிற்பதைப் பேருந்திலிருந்தே காணலாம். பிப்ரவரி 14ஆம் நாளை நோக்கி அங்கிருந்து ரோஜா கடல் கடந்து போகின்றது. குடிலின் நோக்கங்களுள் ஒன்று பூச்சி புகாமற் காத்தல். ஆகவே எந்த வண்ணத்துப்பூச்சியும் தீண்ட விடப்படாத மலர்களைக்கொண்டே வண்ணத்துப்பூச்சியின் உருவத்தைச் செய்கின்றோம். இதனைக் குற்றமென்று கூறவில்லை; அக்குடில்களால் பல குடும்பங்கள் உண்கின்றன. ஆயினும் நினைக்குந்தோறும் சற்றே நகைப்பும் சற்றே வருத்தமும் தோன்றுகின்றன.

உருவம் சமைத்தலின் பயன் யாது? யானையை மாம்பழத்தாற் செய்தால் யானை சிறுத்துப் போகின்றது. மெய்யான யானையையே ஓசூர்க் காட்டோரத்தில் கண்டிருக்கும் நம் பக்கத்துக் குழந்தைக்கு அந்த மாம்பழ யானை புதிதாக ஒன்றும் சொல்லாது. ஈயின் செய்தியோ வேறு. அது நம் கண்ணுக்குச் சிறிதாயிருத்தலே அதன்மேல் நமக்குள்ள அறியாமைக்கு முதற்காரணம். ஆளுயரத்தில் அதைச் சமைத்து நிறுத்தினால், அதன் செங்கண் ஆயிரமாயிரம் சிறு கண்களின் தொகுதி என்பது தெரியும். தேனீக்கு நான்கு சிறகு, ஈக்கு இரண்டே என்பது தெரியும். பின்சிறகு இருக்கவேண்டிய இடத்தில் குண்டூசித் தலைபோல் இரு சிறு குமிழ்கள் நின்று பறத்தலைச் சமன்செய்வது தெரியும். உடம்பெங்கும் உள்ள மயிரில் மகரந்தம் ஒட்டும் வகையும் விளங்கும். பெரியதைச் சிறிதாக்கிக் காட்டுவது விளையாட்டு. சிறியதைப் பெரிதாக்கிக் காட்டுவதே கல்வி. நீலமலைக்காரர் மனங்கொள்ளாராக, அவர் மலர்க் காட்சியின் அழகைப் பழிக்கும் துணிவு நமக்கில்லை.

நம் தாய்மாமன் பர்கூர்ப் பக்கத்தில் மாந்தோப்புக் குத்தகை எடுப்பவர். இம்மாவட்டத்தில் 30,000 ஹெக்டேருக்கு மேல் மா நிற்கின்றது. அவற்றுட் பல தோப்புக்கள் மரத்தில் பூ நிற்கும்போதே குத்தகைக்குக் கைமாறுகின்றன. குத்தகைக்காரருக்கு மரம் சொந்தமன்று. அவ்வாண்டுப் பூ மட்டுமே சொந்தம். அப்பூவில் தத்துப்பூச்சி விழுந்து சாற்றை உறிஞ்சி, இலையெல்லாம் தேன்போல் பிசுபிசுத்துக் கரும்பூசணம் படர்ந்துவிட்டால் அவர் கடன்பட்ட பணம் மண்ணாயிற்று. ஆகவே அவர் அடிக்கின்றார். ஒருமுறை அடித்தவர் அச்சத்தால் மறுமுறையும் அடிக்கின்றார். விசைத்தெளிப்பானின் இரைச்சல் தோப்பெங்கும் கேட்கும். மூக்கில் துணிகட்டிய ஆட்கள் பூவின்மேற் புகைபோல் அதைச் செலுத்துவர்.

விடுமுறையில் ஒருநாள் நாமும் உடன் நின்றோம். தெளித்து முடித்தபின் மரத்தடியில் விரித்திருந்த தார்ப்பாயின்மேல் உதிர்ந்து கிடந்தவற்றைக் குனிந்து பார்த்தோம். தத்துப்பூச்சி கிடந்தது. அதனினும் மிகுதியாக ஈ கிடந்தது. சில இன்னும் மல்லாந்து சுழன்றுகொண்டிருந்தன. அவற்றுள் மஞ்சளும் கறுப்புமாகக் கோடிட்ட மலரீக்களும் இருந்தன. அவ்வினம் பலவற்றின் புழுக்கள் அசுவுணியைத் தின்று உழவனுக்கு உதவுவன என்று நாம் படித்திருந்தோம். மாமனிடம் காட்டினோம்.

“எதுவாயிருந்தால் என்ன, மாப்பிள்ளை? பூவில் உட்கார்ந்ததெல்லாம் பூவைத் தின்பதுதானே!” என்றார்.

அவர் கல்லாதவர் அல்லர். முப்பது ஆண்டு மாமரத்தோடு பழகியவர். பிஞ்சைக் கையில் எடுத்தே இது நிற்கும், இது உதிரும் என்று சொல்ல வல்லவர். ஆனால் அவருக்கு எந்தப் பூச்சி பகை, எந்தப் பூச்சி கூலியாள் என்று எவரும் காட்டியதில்லை. மருந்துக் கடையில் ஒட்டியுள்ள படத்தில் பகைப்பூச்சி மட்டுமே உண்டு. முழுப்பூப்பில் தெளிக்கலாகாது என்று வேளாண் அறிஞர் கூறுகின்றனர். அவ்வுரை நூலிலும் துண்டுத்தாளிலும் இருக்கின்றது. தோப்பிலோ கடைக்காரரின் உரையே முன்னால் வந்து நிற்கின்றது. அவ்வாண்டு அத்தோப்பில் காய்ப்பிடிப்புக் குறைந்தது. தெளித்ததே காரணம் என்று நாம் சாதிக்க வரவில்லை. பனியும் காலந்தப்பிய மழையும் அக்குறைக்குக் காரணமாகக்கூடும். எனினும் தார்ப்பாயில் சுழன்ற அவ்வீக்கள் நம் நினைவை விட்டு நீங்கவில்லை.

இவ்விடத்தில் தமிழ் மாணவராகிய நாம் ஒரு சொல்லைப்பற்றிக் குறிப்பிடாமற் போதல் முறையன்று. பூச்சியைக் கொல்லும் நஞ்சினைப் ‘பூச்சி மருந்து’ என்கின்றோம். காய்ச்சல் மருந்து காய்ச்சலைப் போக்குவதுபோல் பூச்சி மருந்து பூச்சியைப் போக்கும் என்று இச்சொல்லை அமைத்தார் போலும். மருந்து என்ற பெயரால் அந்நஞ்சுக்கு ஒரு நற்பெயர் ஒட்டிக்கொண்டது. நோயாளி யார் என்று கேட்பார் இல்லை. அதைத் தெளிக்கும் கூலியாளே சில வேளைகளில் நோயாளியாகி விடுகின்றார்.

பூச்சிக்குச் சிலையா என்று வியப்பவர்க்குப் பிறநாட்டுச் செய்திகள் இரண்டு கூறுவோம். அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தில் என்டர்பிரைஸ் என்றோர் ஊர். பருத்திக்காய்க் கூன்வண்டு மெக்சிகோவிலிருந்து பரவி வந்து அவ்வூரார் நம்பியிருந்த பருத்தியைப் பாழாக்கிற்று. பருத்தி போகவே நிலக்கடலையும் பிறவும் பயிரிட்டனர், முன்னிலும் செழித்தனர். ஒரே பயிரை நம்பும் பேதைமையினின்று விடுவித்தது வண்டே என்று கருதி, 1919ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் அவ்வண்டுக்கு நன்றியாக ஊர் நடுவே ஒரு நினைவுச்சின்னம் எடுத்தனர். ஆனால் எடுத்தது என்ன? கைகளை உயர்த்தி நிற்கும் ஒரு பெண்ணின் சிலை. வண்டின் பெயர் கல்லிலிருந்தது. வண்டு சிலையில் இல்லை. அப்பெண்ணின் கையில் ஒரு வண்டினை ஏற்றிவைக்க 1949ஆம் ஆண்டு வரை, முப்பது ஆண்டுகள் சென்றன. நன்றி செலுத்த மனம் வந்தும் உருவத்தை ஏற்க நாணிய அம்மக்களை நாம் நன்கு உணர்ந்துகொள்கின்றோம். நம் கண்காட்சியாரும் அந்நிலையினரே.

மற்றொன்று ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்தில் உள்ளது. சப்பாத்திக் கள்ளி அந்நாட்டில் ஏறத்தாழ 2.4 கோடி ஹெக்டேர் நிலத்தை மூடிக் குடியானவரை ஊரைவிட்டே துரத்திற்று. அர்ஜென்டினாவிலிருந்து 1925இல் கொண்டுவந்த ஒரு சிறு அந்துப்பூச்சியின் புழுக்கள் சில ஆண்டுகளில் அக்கள்ளியைத் தின்று தீர்த்தன. பூனார்கா என்னும் சிற்றூரார் 1936இல் தங்கள் பொதுமண்டபத்தைக் கட்டியபோது அப்பூச்சியின் பெயரையே, அதன் இலத்தீன் பெயரோடு, மண்டபத்திற்கு இட்டனர். அம்மண்டபத்தில்தான் ஊரார் கூடினர், ஆடினர், விழாவெடுத்தனர்.

இவற்றைச் சொல்லும்போது நம் நாட்டுச் செய்தியொன்று நெஞ்சை உறுத்துகின்றது. அதே சப்பாத்திக் கள்ளி நம் தென்னாட்டு வயல்வெளிகளையும் ஒருகால் அடைத்துக்கொண்டிருந்தது. 1795இல் செஞ்சாயம் எடுக்கலாம் என்றெண்ணிப் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குக் கோச்சினீல் பூச்சியைக் கொணர்ந்தனர். வந்தது சாயம் தரும் இனமன்று, அதன் உறவினம். சாயம் கிட்டவில்லை, ஆனால் ஒருவகைக் கள்ளி அழிந்தது. பின்னர் 1926இல் இலங்கையிலிருந்து வேறோர் இனத்தைத் தென்னிந்தியாவுக்கு வருவித்தனர். ஐந்தாறு ஆண்டுகளில் முட்கள்ளிக் காடுகள் வெளுத்துச் சரிந்தன. அந்நிலங்களில் இன்று உழுகின்றோம். அப்பூச்சியின் பெயரால் ஒரு கல்லை நாம் எங்கும் கண்டதில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? 2008ஆம் ஆண்டில் கோவையில் முதன்முதல் தோன்றிப் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி ஆகியவற்றை வெண்பஞ்சு மூடியதுபோல் மூடிய மாவுப்பூச்சியை அடக்கியது எது? 2010இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து தருவித்துப் பரப்பிய, கண்ணுக்கு அரிதிற் புலப்படும் ஒரு குளவி. நஞ்சு தோற்ற இடத்தில் குளவி வென்றது. அக்குளவிக்கும் விழா இல்லை. மல்பெரியைக் காத்தமையால் அது பட்டுப்புழுவையும் காத்தது என்பதை, பட்டுப்புழு இனங்களைப் பேணிவைக்கும் மத்திய நிலையம் ஒன்றைத் தன்னகத்தே உடைய ஓசூரார் ஆகிய நாமேனும் நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் 2018இல் பூச்சிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. மிக நல்ல முயற்சி. லண்டன் கியூ பூங்காவில் தேன்கூட்டின் நினைவாக அலுமினியத்தால் 17 மீட்டர் உயரம் ஒரு கூடு 2016 முதல் நிற்கின்றது. இவை ஆராய்ச்சியாளரும் நகரத்தாரும் செல்லும் இடங்கள். நாம் கேட்பதோ, மாங்காய்க் கூடை சுமப்பவரும் குத்தகைக்காரரும் வண்டிக்காரரும் குடும்பத்தோடு வரும் இடத்தில் ஓர் உருவம்.

தமிழ் மரபுக்கு இது புதிதும் அன்று. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவால் வகுத்தபோது கறையானையும் எறும்பையும் மூவறிவினவாகவும், தும்பியை நாலறிவினவாகவும் வைத்தார்; வரிசையினின்று விலக்கவில்லை. நம் அண்டைவீட்டு அம்மாள் நவராத்திரியில் கொலு அடுக்கும்போது கீழ்ப்படிகளில் சிப்பியையும் எறும்பையும் வண்டையும் வைத்துவிட்டே மேற்படிக்கு ஏறுவார். கிறிஸ்தவப் பிள்ளைகளாகிய நாங்கள் சுண்டலுக்காகப் போயிருந்தும் அம்மண் எறும்பையே நெடுநேரம் பார்த்துநின்ற நினைவு உண்டு. அகநானூற்று நான்காம் பாட்டின் தலைவனை நம் வகுப்பு நண்பர் அறிவர். வினைமுடித்துக் காதலியைக் காண விரையும் அவன், பூவில் துணையோடு தாதுண்ணும் வண்டினம் அஞ்சுமே என்று தன் தேர்மணியின் நாவைக் கட்டி ஓசையின்றி வருகின்றான். நாள்தோறும் ஆயிரக்கணக்கில் இருசக்கரத் தேர்கள் பிறக்கும் ஓசூரிலிருந்து அப்பாட்டைப் படிக்கும்போது அதன் பொருள் நமக்கு வேறாகத் தோன்றுகின்றது. சான்றோர் செய்யுளில் வண்டும் தும்பியும் சுரும்பும் ஞிமிறும் பெற்ற இடத்தை ஈ பெறவில்லை என்பதை ஒப்புக்கொள்ளுகின்றோம். ஆயினும் இலக்கணத்தார் அதற்கு ஒரு சிறப்புச் செய்துவிட்டனர். ‘மா’ என்பது ஓரெழுத்தொருமொழி; ‘ஈ’ என்பதும் ஓரெழுத்தொருமொழி. பூச்சியைக் குறிக்கும் அவ்வெழுத்தே கொடு என்னும் பொருளையும் தருகின்றது. இது தற்செயல் என்று ஆசிரியர் கூறுவர், தற்செயலாகவே இருக்கட்டும்.

தடைகள் இரண்டு வரும். ஈ அழுக்கிற் பிறப்பது, நோய் சுமப்பது. அதை விழாவில் வைப்பதா என்பது ஒன்று. வீட்டு ஈயின் தீமையை நாம் மறுக்கவில்லை. பண்டத்தை மூடிவைக்கக் கற்பித்த நம் அன்னையர்க்கு மாறு கூறுவோமா? வேதாகமத்திலும் ஈக்கு நல்ல பெயரில்லை. எகிப்தில் அது வாதையாய் வந்தது; எக்ரோன் ஊரார் வணங்கிய பாகால்சேபூபின் பெயருக்கு ஈக்களின் தலைவன் என்று பொருள் கூறுவர்; பிற்காலத்தில் அப்பெயரே பிசாசுகளின் தலைவனுக்கு ஆயிற்று. ஆனால் ஆதியாகமத்தின் முதலதிகாரத்தில் ஊரும் பிராணிகளைப் படைத்த கர்த்தர் அவற்றையும் நல்லவை என்றே கண்டார். ஈயைத் தனியே பிரித்துவைத்ததாக அங்கே எழுதவில்லை. அழுக்கிற் பிறந்து பூவில் உழைக்கும் உயிரைக் குறித்து நாம் கேட்பதெல்லாம், நாசரேத்தைக் குறித்து நாத்தான்வேல் கேட்ட கேள்வியைப் போன்றதேயாம். அவனுக்குக் கிடைத்த மறுமொழி, வந்து பார் என்பது.

மற்றைத் தடை நம் மாமனுடையது. அதுவே வலியது. இக்கட்டுரையின் கருத்தை அவரிடம் கூறியபோது அவர் நகைத்துவிட்டுப் பின் நகையொழிந்து கேட்டார்: “ஈக்குச் சிலை வைத்தால் எனக்கு விலை கிடைக்குமா, மாப்பிள்ளை?” 2025ஆம் ஆண்டில் பெங்களூரா மாங்காயின் விலை வீழ்ந்து, பறிப்புக்கூலிக்கும் வண்டிவாடகைக்கும் கட்டாமையால் காயை மரத்திலேயே விட்டவர் பலர். கூழ் ஆலைகளின் வாயிலில் வண்டிகள் காத்துநின்றன. அவ்வாண்டும் கண்காட்சி உண்டு. உள்ளே அழகிய தட்டுக்களில் அதே பெங்களூரா. வெளியே தெருவில் கேட்பாரற்ற குவியல். இதனைக் கண்டவருக்குச் சிலைப்பேச்சு கசக்காமல் இராது.

விலை கிடைக்காது என்றே சொன்னோம். விலை ஆலையாலும் அங்காடியாலும் அரசாங்கத்தாலும் ஆவது. அதற்குரிய போராட்டம் வேறு. ஆனால் செலவு? அவ்வாண்டு அவர் தெளித்த தடவைகளை அவர் கணக்கேட்டிலிருந்தே எண்ணினோம். அவற்றுட் பாதியேனும் பூவில் அமர்ந்திருந்தது எது என்று அறியாமையால் நேர்ந்தவை. நஞ்சின் விலை, எரிநெய், ஆள்கூலி என்று கூட்டியபோது வந்த தொகையை அவர் ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். பின் ஏட்டை மூடிவிட்டார். பகைவனையும் பணியாளனையும் அடுத்தடுத்து ஆளுயரத்தில் நிறுத்தி, இதைக் கொல், இதை விடு என்று ஒரு சீட்டில் எழுதி வைத்தால், ஆயிரம் குத்தகைக்காரருள் பத்துப்பேர் ஒருமுறை குறைத்துத் தெளிப்பாராயினும் அச்சிலைக்கான செலவு அன்றே மீளும். ஆதலின் கண்காட்சியை நடத்தும் அதிகாரிகளுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் சிறியது. ஒரு தத்துப்பூச்சி, ஒரு மலரீ, ஒரு பிண ஈ. கால்கள் ஆறு; ஈக்குச் சிறகு இரண்டு. புன்முறுவல் வேண்டா. சீட்டுக்கள் தமிழோடு தெலுங்கிலும் கன்னடத்திலும் இருக்கட்டும். எல்லைப்புறத்தில் மரமேறுவோர் மூன்று மொழியினர். ஈயை நாயகனாக்கிய திரைப்படம் 2012இல் வந்தபோது தெலுங்கிலும் தமிழிலும் நம் பக்கத்தார் வரிசையில் நின்று பார்த்தவர்களே, நாணம் அவர்களுக்கில்லை.

மாமனுக்கு இவ்விடை முழுதும் ஏற்புடையதாயிற்று என்று கூற மாட்டோம். சிறிதுநேரம் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து தோப்பையே நோக்கிக்கொண்டிருந்தார். பிறகு, “அந்தப் பச்சை ஈ செய்வதானால் உடம்புக்குப் பெங்களூராக் காயையே எடுத்துக்கொள்ளச் சொல், விலையில்லாமல் கிடக்கிறது. கண்ணுக்குச் செந்தூரா. நன்றாகப் பழுத்ததாக வேண்டாம், மூன்றாம் நாள் ஒழுகிவிடும், நிறம் திரும்பினதாக இருக்கட்டும்” என்றார். சிறகுக்கு எதை வைப்பது என்று கேட்டோம். நீரில் ஊறி நரம்பு மட்டும் எஞ்சிய மாவிலை கிணற்றடியில் கிடக்கும் என்று சொல்லி, அதைத் தேடிக்கொண்டு எழுந்து போனார்.